எவ்வளவு நேரம் நனையாமல் இருக்க வேண்டும்?

‘பிளாஸ்டிக் வேண்டாம், காகிதம் போதும்’ என்று சொல்வது இப்போது எல்லோருக்கும் சுலபமாகிவிட்டது. பினாங்கும் சிலாங்கூரும் பாலிஸ்டிரின் உணவுப் பெட்டிகளைத் தடை செய்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை 2030-க்குள் ஒழிப்பதற்கான தேசியத் திட்டத்தை மலேசிய அரசாங்கம் 2018-இல் வெளியிட்டது. உணவுக் கடைகளில் வெள்ளைப் பெட்டி போய்ப் பழுப்புப் பெட்டி வருகிறது. அதன் அடியில் ஒரு பச்சை இலைப் படம். பக்கத்தில் ‘தாவர நாரால் ஆனது’ என்று ஒரு வரி.

அப்படிப்பட்ட காகிதப் பெட்டி ஒன்றைக் கிழித்து வெந்நீரில் ஊற வையுங்கள். நார் கரைந்து கூழாகி விலகும்போது, பல பெட்டிகளில் மெல்லிய தோல் ஒன்று தனியாகக் கையோடு வரும். கூழ் எவ்வளவு கரைந்தாலும் அது மட்டும் கரையாது. அது பிளாஸ்டிக். நாம் குடித்துவிட்டு எறியும் காகிதக் கோப்பையின் எடையில் சுமார் 5 விழுக்காடு இந்தத் தோல்தான். அந்தச் சிறு பங்கு காகிதத்தோடு இறுக ஒட்டியிருப்பதால்தான் சாதாரணக் காகித ஆலைகள் கோப்பையை மறுசுழற்சிக்கு வாங்கத் தயங்குகின்றன.

நான் வேதிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் குழுவின் ஆய்வுத் திட்டம், மரம் அல்லாத தாவர நாரிலிருந்து நீர் தாங்கும் காகிதம் செய்வது. இந்த வேலையில் இறங்கியபின் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. நாரில் காகிதம் செய்வது இதில் எளிய பாதி. தண்ணீரைத் தடுக்க அதில் என்ன சேர்க்கிறோம், அது எத்தனை நாளுக்குத் தடுக்க வேண்டும் என்பது கடினமான பாதி. அந்தக் காகிதம் பூமிக்கு நல்லதா இல்லையா என்பது இரண்டாம் பாதியில்தான் முடிவாகிறது. நம் பள்ளிப் புத்தாக்கப் போட்டிகளிலும் சரி, கடைப் பெட்டிகளின் விளம்பரங்களிலும் சரி, பேசப்படுவது முதல் பாதி மட்டுமே.

மரம் இல்லாமல் காகிதமா என்று வியப்பவர்களுக்கு ஒரு செய்தி. மரக்கட்டையில் செய்த காகிதம்தான் புதிது. அது பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். கி.பி. 105-இல் சீன அரசவையில் சாய் லுன் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படும் காகிதம் மரப்பட்டை நார், சணல், கந்தைத் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றால் ஆனது. இன்றும் தேயிலைப் பைகளில் அபாக்கா நார் சேர்க்கப்படுகிறது. அது பிலிப்பீன்ஸில் விளையும் ஒரு வகை வாழை. அரசாங்கம் 2010-இல் புகையிலை வாரியத்தைக் கெனாஃப், புகையிலை வாரியமாக மாற்றி, கிளந்தான், திரங்கானு விவசாயிகளைக் கெனாஃப் பயிரிட ஊக்குவித்ததைப் புவியியல் பாடத்தில் சிலர் படித்திருப்பீர்கள். அந்தக் கெனாஃப் வேறொன்றும் இல்லை, நம் புளிச்சக்கீரைதான். நான்கைந்து மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிடும்.

ஆக, நாருக்குப் பஞ்சமில்லை. சிக்கல் தண்ணீரிடம்தான் இருக்கிறது.

காகிதத்தில் நாரையும் நாரையும் பிடித்து வைத்திருப்பது பசை அல்ல. செல்லுலோஸ் இழைகளின் மேல் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய உண்டு. ஈரக் கூழ் காயும்போது அவை ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீர் மூலக்கூறுக்கும் அதே பிணைப்பு பிடிக்கும். தாள் நனைந்தால் தண்ணீர் நடுவில் புகுந்து கைகளைப் பிரித்துவிடுகிறது. இதே காரணத்தால்தான் பழைய காகிதத்தை ஊற வைத்துப் புதிய காகிதம் செய்ய முடிகிறது. நீர் புகவே முடியாத காகிதம் என்றால் அதை மறுபடி கூழாக்கவும் முடியாது. எங்கள் திட்டத்தின் அடிப்படைச் சிக்கலே இதுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. கையில் இருக்கும் இந்த நாளேட்டின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். பள்ளிப் பயிற்சி நூலின் தாளில் விடுங்கள். சொட்டு சிறிது நேரம் உருண்டு நிற்கும். பயிற்சி நூலின் தாளுக்குக் ‘கஞ்சி போட்டிருக்கிறார்கள்’. பேனா மை ஊறிப் பரவாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பாட்டி சேலைக்குப் போடும் அதே கஞ்சிதான். காகித ஆலைகள் இன்றும் தாளின் மேல் மாவுப்பொருள் பூசுகின்றன. பல்கலைக்கழகத்தில் இதை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தபோது மண்டையில் ஏறாத ஒன்று, தமிழில் ‘கஞ்சி’ என்று நினைத்ததும் உடனே புரிந்தது.

மூன்றாவதாகச் சமையலறைத் துடைப்புத் தாளை எடுங்கள். அது தண்ணீரைக் குடிக்கும், ஆனால் கிழியாது. பயிற்சி நூலின் தாள் தண்ணீரைத் தள்ளிப் பார்க்கும். முழுக்க நனைந்துவிட்டால் கிழிந்துவிடும். நனையாமல் இருப்பது ஒன்று, நனைந்தும் கிழியாமல் இருப்பது வேறொன்று. முதலாவதற்கு நாரின் மேற்பரப்பைத் தண்ணீர் ஒட்டாததாக மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு நார்களுக்கிடையே தண்ணீரால் உடைக்க முடியாத வேறு பிணைப்பைப் போட வேண்டும். துடைப்புத் தாளில் அதை ஒரு செயற்கைப் பிசின் செய்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு ‘நீர் புகாத காகிதம்’ என்று ஒரே பெயர் வைத்த அறிவியல் விழா விளக்க அட்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குழு எடுத்துக்கொண்டது செம்பனை. ஆலைக்குப் போகும் 100 கிலோ பழக்குலையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய் கிடைக்கிறது. பழங்கள் உதிர்ந்தபின் மிஞ்சும் வெறுங்குலையும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். மலேசியா ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 80 லட்சம் டன் கச்சா செம்பனை எண்ணெய் எடுக்கிறது. அப்படியானால் எவ்வளவு வெறுங்குலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஈரம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

செய்முறை சொல்வதற்கு எளிது. குலையைப் பிய்த்து நாராக்கி, ஒட்டியிருக்கும் எண்ணெய் போகும்வரை வெந்நீரில் அலச வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேக வைத்தால் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் கரைந்து கறுப்பு நீராக வெளியேறும். பிறகு நன்றாகக் கழுவி, அடித்து, வலைச் சட்டத்தில் வடித்து, அழுத்திக் காய வைத்தால் தாள். செம்பனை நார் குட்டையானது, ஒரு மில்லிமீட்டர் அளவு. கெனாஃப் பட்டை நார் அதைப் போல இரண்டரை மடங்கு நீளம். அதனால் உறுதிக்குக் கொஞ்சம் கெனாஃப் கலந்தோம்.

தண்ணீரைத் தடுக்க நாங்கள் சேர்த்தது, ஆலைகள் பரவலாகப் பயன்படுத்தும் ஏகேடி என்னும் மெழுகு போன்ற பொருள். தாளின் எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும். அதன் மூலக்கூற்றின் ஒரு முனை செல்லுலோஸின் ஹைட்ராக்சிலைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையில் இருக்கும் நீண்ட கொழுப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அதன் மூலப்பொருளாகிய ஸ்டியரிக், பால்மிட்டிக் கொழுப்பு அமிலங்கள் செம்பனை எண்ணெயிலிருந்தும் கிடைக்கும் என்பது. நாரும் நார் நனையாமல் காக்கும் பொருளும் ஒரே குலையிலிருந்து! பால்மிட்டிக் என்ற பெயரிலேயே பனை இருக்கிறது.

தாள் தேறியது. கஞ்சியோ ஏகேடியோ போடாத தாள் ஒரே நொடியில் குடித்த சொட்டு, இதில் முத்துப்போல் நின்றது. ஆனால் எங்கள் விரிவுரையாளர் சொட்டைப் பார்க்கவில்லை. மறுநாள் ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கிவந்து, அதன் சூடான சம்பலை ஒரு கரண்டி எடுத்து எங்கள் தாளின் மேல் வைத்தார். தண்ணீர் நின்றது, எண்ணெய் கால் மணி நேரத்தில் மறுபக்கம் வந்தது. “இதை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள்? அது எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்துத் தள்ளும் பொருள் ஒன்று உலகத்துக்குத் தெரியும். பிஃபாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஃபுளோரின் சேர்மங்கள். பல ஆண்டுகளாக அவற்றைப் பர்கர் உறைகளிலும், கரும்புச் சக்கையில் வார்த்த ‘இயற்கை’ கிண்ணங்களிலும் சேர்த்தார்கள். கார்பன், ஃபுளோரின் பிணைப்பை உடைக்க இயற்கையில் அநேகமாக எதுவும் இல்லை. அவை மண்ணிலும் நீரிலும் மனித இரத்தத்திலும் தங்கிவிடுகின்றன. டென்மார்க் 2020-இல் உணவுக் காகிதங்களில் அவற்றைத் தடை செய்தது. எண்ணெய் புகாமைக்காக உணவுக் காகிதத்தில் சேர்க்கும் இவ்வகைப் பொருள்களின் விற்பனை தங்கள் நாட்டில் நின்றுவிட்டதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அரை மணி நேரம் சோறு தாங்குவதற்காக, பல தலைமுறைக்கும் அழியாத பொருளைக் கிண்ணத்தில் கலந்திருந்தோம். அந்தக் கிண்ணத்தின் அடியிலும் பச்சை இலைப் படம் இருந்தது.

சேர்க்கும் பொருள் தாளின் ஆயுளையே மாற்றிவிடும் என்பது புதிய பாடம் அல்ல. மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர் 1807-இல் பைன் பிசினையும் படிகாரத்தையும் கூழில் கலந்து மை ஊறாத தாளை மலிவாகச் செய்யும் வழியை வெளியிட்டார். உலகமே அதைப் பின்பற்றியது. படிகாரம் தாளை அமிலமாக்கியது. நூலகங்களில் தொட்டாலே நொறுங்கும் பழைய புத்தகங்களுக்கு அது ஒரு முக்கியக் காரணம். அங்கே பல நூற்றாண்டு இருக்க வேண்டிய தாள் சில பத்தாண்டுகளில் போனது. இங்கே அரை மணி நேரம் இருக்க வேண்டியது போகவே மறுக்கிறது.

இதற்கு நேர்மாறாக, தாவரத்தையே கொண்டு தாவரத் தாளைக் காத்த ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை, ஜப்பான் 9,000-க்கும் மேற்பட்ட வெடிகுண்டுப் பலூன்களைப் பசிபிக் பெருங்கடலுக்கு மேல் வீசும் காற்றோட்டத்தில் அமெரிக்காவை நோக்கிப் பறக்கவிட்டது. சுமார் 10 மீட்டர் விட்டமுள்ள அந்தப் பலூன்களில் பெரும்பாலானவை காகிதம். கோஸோ என்ற செடியின் பட்டை நாரில் செய்த தாள்களைக் கொன்னியாக்கு கிழங்கின் பசையால் அடுக்கடுக்காக ஒட்டினார்கள். நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவு அது. அந்தப் பசையைக் காரத்தால் பதப்படுத்தினால் மறுபடி தண்ணீரில் கரையாத படலமாகிவிடும். ஹைட்ரஜன் வாயுவைக்கூட எளிதில் விடாது. ஒட்டும் வேலையில் பெரும் பங்கு செய்தவர்கள் இடைநிலைப்பள்ளி மாணவிகள். ஓரிகனில் அந்தக் குண்டுகளில் ஒன்று 6 பேரைக் கொன்றது. அவர்களில் 5 பேர் சிறுவர் சிறுமியர். இந்தக் கதையை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் பட்டை நாரும் கிழங்குப் பசையும் ஒரு பெருங்கடலைத் தாண்டும்வரை தாங்கின என்பது உண்மை. அதற்குமேல் தாங்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை.

விரிவுரையாளரின் கேள்விக்கு எங்கள் குழு தேடிய பதில் நாசி லெமாக்கிலிருந்து விலகிப் போய்விட்டது. உண்மையில் சோற்றுப் பொட்டலத்துக்கு வாழையிலையை மிஞ்சிய பொருள் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. மெழுகை இயற்கையே பூசிக் கொடுத்துவிட்டது. நாங்கள் தேர்ந்தெடுத்தது நாற்றுப் பை. என் பாட்டி தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவர். செம்பனை விதை முளைத்ததும் முதல் 3 மாதம் சிறிய கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இருக்கும். பிறகு பெரிய பைக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது சிறிய பையைக் கிழித்து எறிய வேண்டும். “எத்தனை கிழிச்சேன்னு கேட்டா, நான் என்னன்னு சொல்லுவேன்?” என்பார் பாட்டி. எறிந்தது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பையின் இடத்தில் செம்பனை நார்க் காகிதக் கிண்ணம் வந்தால், அது நாள்தோறும் ஊற்றும் தண்ணீரை 3 மாதம் தாங்க வேண்டும். நான்காம் மாதம் கிண்ணத்தோடு மண்ணில் இறக்கினால் வேர் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். நான்காம் மாதத்திலும் உறுதியாக இருந்தால் அது நல்ல கிண்ணம் அல்ல. இப்படி ஒரு கால அளவைக் குறித்துக்கொண்ட பிறகு, எவ்வளவு ஏகேடி, எவ்வளவு மாவுப்பொருள், தாள் எவ்வளவு தடிப்பு என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தேட ஓர் இலக்கு கிடைத்தது. ஆலைகளின் வழக்கமான சோதனை, ஒரு சதுர மீட்டர் தாள் 60 விநாடியில் எத்தனை கிராம் தண்ணீர் குடிக்கிறது என்று அளப்பது. நாங்கள் அதை வாரக் கணக்கில் நீட்ட வேண்டியதாயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் ஆலைகள் இதைச் செய்வதில்லை என்று கேட்பீர்கள். வெறுங்குலையைக் ‘கழிவு’ என்று சொல்வதே அவசரப் பேச்சு. தோட்டங்கள் அதை மரத்தடியில் பரப்புகின்றன. அதிலுள்ள பொட்டாசியம் மண்ணுக்குத் திரும்புகிறது. அதைக் காகிதத்துக்கு எடுத்துக்கொண்டால் அந்த உரத்தை யாராவது காசு கொடுத்து வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் கரூர் அருகே, 1979-இல் அரசு தொடங்கிய செய்தித்தாள் காகித நிறுவனம் இதே போன்ற சிக்கலைச் சந்தித்தது. அது நம்பியது கரும்புச் சக்கையை. சர்க்கரை ஆலைகளோ சக்கையை எரித்துத்தான் தங்கள் கொதிகலன்களை ஓட்டின. அந்த நிறுவனம் அவற்றுக்கு வேறு எரிபொருளில் நீராவி கிடைக்க வழி செய்துவிட்டுச் சக்கையைப் பெற்றுக்கொண்டது. ஆலை நிலைத்ததற்கு நார் ஆராய்ச்சி எவ்வளவு காரணமோ, அவ்வளவு இந்தப் பண்டமாற்றும் காரணம்.

கறுப்பு நீர் இன்னொரு பிரச்சினை. மர ஆலைகள் அதைச் சுண்ட வைத்து எரித்துக் காரத்தை மீட்டெடுக்கின்றன. சிறிய நார் ஆலைகளுக்கு அந்தக் கொதிகலன் கட்டுப்படியாகாது; வைக்கோல் போன்ற நார்களில் உள்ள சிலிக்கா கருவிகளில் படிந்து அடைத்தும்விடும். ஆகவே ஆற்றில் விட்டார்கள். சீனா 1996-இல் ஹுவாய் ஆற்றுப் படுகையில், ஆண்டுக்கு 5,000 டன்னுக்குக் குறைவான திறனுள்ள கூழ் ஆலைகளை மூட உத்தரவிட்டது இதனால்தான். மரம் வெட்டாத காகிதம் ஆற்றைக் கொன்ற கதை அது.

இதையெல்லாம் வைத்து நான் கேட்பவை இரண்டு. உணவுப் பெட்டியில் ‘தாவர நார்’ என்று அச்சிடும் நிறுவனம், தண்ணீரையும் எண்ணெயையும் தடுக்க எதைச் சேர்த்தது என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று அரசாங்கம் விதிக்க வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தில் சேர்மானங்களை எழுதுகிறோம். அந்த பிஸ்கட் உட்காரும் தட்டில் எழுதக்கூடாதா? அடுத்தது பள்ளிகளுக்கு. அறிவியல் விழா நடுவர்கள், வாழைத்தண்டிலோ அன்னாசி இலையிலோ காகிதம் செய்து வரும் மாணவரிடம், தண்ணீர்ச் சொட்டு நிற்கிறதா என்று மட்டும் பார்க்காமல், “எதற்கு, எத்தனை நாளுக்கு, அதன்பின் என்ன ஆகும்?” என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு எழுதப்படும் பதிலுக்கும் புள்ளிகள் இருக்க வேண்டும்.

எங்கள் கிண்ணங்கள் 12 இப்போது ஆய்வுக்கூடத்தின் பின்புறம் மண் நிரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் வாரம் நடக்கிறது. இரண்டில் அடிப்பகுதி இளகத் தொடங்கிவிட்டது. அவை மாவுப்பொருள் மட்டும் பூசியவை. கெனாஃப் கலந்து ஏகேடி சேர்த்தவை இதுவரை நிற்கின்றன. பதின்மூன்றாம் வாரத்தில் எல்லாவற்றையும் மண்ணில் இறக்கிவிட்டு, ஒரு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்கப்போகிறோம். செவ்வாய், வெள்ளிகளில் தண்ணீர் ஊற்றுவது என் முறை.